குளிர்காலக் கழிமுகத்தில் தூண்டில்: அடித்தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள்

கடி இல்லையென்று இரையை மாற்றிக்கொண்டே இருப்பது குளிர்காலத்தில் வழக்கமாக நடக்கும் வீண்வேலை. பெரும்பாலும் கோளாறு இரையில் இருக்காது. மீன் இல்லாத தண்ணீரில் முள் கிடக்கும்.

மீனின் உடம்புச் சூடு ஏறத்தாழ தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் செரிமானம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒருமுறை வயிறு நிறைந்த மீனுக்கு நெடுநேரம் பசிக்காது, இரையைத் துரத்தவும் செய்யாது. கொடுவா போன்ற வெப்பக்கடல் மீன்கள் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் வாய் கட்டியதுபோல் கிடக்கும். ஆனால் எல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கும். அந்த இடம் தெரிந்தால் குளிர்காலம் நமக்கு லாபம்.

ஆற்று நன்னீர் லேசானது, மேலே ஓடும். உப்புநீர் கனமானது, கடல் ஏற்றத்தின்போது ஆப்புபோல அடியில் நுழையும். இரவுக் குளிரில் மேல்நீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த நீர் கீழே இறங்க வேண்டியதுதான், ஆனால் அடியிலுள்ள உப்பின் கனம் அதை இறங்கவிடாது. அதனால் ஆழமான வளைவுகளிலும், பாலத் தூண்களைச் சுற்றிக் குடைந்த பள்ளங்களிலும் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். மேலே கைவிட்டுப் பார்த்து ‘இன்று ஒன்றும் தேறாது’ என்று திரும்பினால் ஏமாற்றம்தான்.

அளந்து பார்ப்பது எளிது. 200 மில்லி கண்ணாடிக் குப்பி, அதன் அடியில் 300 கிராம் ஈயம், கழுத்தில் ஒரு கயிறு, வாயில் தளர்வாக ஒரு தக்கை, தக்கைக்குத் தனிக்கயிறு. ஈயம் குறைந்தால் உள்ளிருக்கும் காற்று குப்பியை மூழ்கவிடாது. அடியைத் தொட்டதும் தக்கைக் கயிற்றைச் சுண்டுங்கள். குமிழி வருவது நின்றபின் சட்டென்று தூக்கி, உடனே வெப்பமானியை விடுங்கள். மேல்நீரைவிட இரண்டு டிகிரி கூடினாலே அங்கே உட்காரலாம்.

வித்தியாசமே இல்லையென்றால்? ஓட்டம் இரண்டு அடுக்கையும் கலக்கியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வேகமாக இருப்பதால் இது சகஜம். அட்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் மந்தமாகும், அடுக்கு நிலைக்கும். ஆகவே அட்டமி, நவமிக்கு ஆழ்பள்ளம், அமாவாசை, பௌர்ணமிக்குச் சேற்றுத்திட்டு என்று பிரித்துக்கொள்ளலாம். கறுத்த சேறு நடுப்பகல் வற்றத்தில் வெயில் காய்ந்தால் நன்றாகச் சூடேறும். பிற்பகலில் ஏறும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், மடவையும் கிழங்கானும் அதன்மேல் மேய வரும். முழங்கால் ஆழம் வந்ததுமே போடத் தொடங்குங்கள். விடியற்காலையில்தான் மீன் கடிக்கும் என்பது கோடைப் பாடம், தெளிந்த குளிர்நாளில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிவரைதான் நல்ல நேரம்.

ஏற்றமோ வற்றமோ, ஆறு மணிநேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணிநேரத்தில்தான் பாதித் தண்ணீர் நகரும். அப்போது குளிர்ந்த மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்காது, ஈயமும் நிற்காது. ஓட்டம் திரும்புவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணிநேரத்தைப் பிடியுங்கள். பெருமழைக்குப் பின் மட்டும் வற்றத்தை விட்டுவிட்டு, ஏற்றத்தின் கடைசி நேரத்தில் முகத்துவாரத்தருகே போடுங்கள். கலங்கலுக்கு அடியில் உப்புநீர் அங்கே முதலில் வந்துசேரும்.

குளிரில் பாசிநுண்ணுயிர் குறைந்து தண்ணீர் தெளிந்துவிடும், தடித்த தூண்டில் நரம்பு மீன் கண்ணில் படும். நைலானின் ஒளிவிலகல் எண் 1.5-ஐத் தாண்டும், ஃபுளோரோகார்பனுக்கு 1.42, தண்ணீருக்கு 1.33. தண்ணீரின் எண்ணை நெருங்க நெருங்க நரம்பு கண்ணில் படாது. ஆகவே முள்ளைக் கட்டும் கடைசித் துண்டான லீடருக்கு ஃபுளோரோகார்பன், 4 கிலோ தாங்கும் அளவு, 90 செ.மீ. நீளம். கொடுவா வரும் இடமென்றால் செவுள் விளிம்பு அறுத்துவிடும், அங்கே இதைவிடத் தடித்ததுதான் போடவேண்டும். மெயின் நரம்பில் துளையுள்ள ஓடும் ஈயம், ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் என்னும் சுழலும் இணைப்பு. ஈயம் அடியில் நிற்கும் அளவுக்குமேல் ஒரு கிராம்கூட வேண்டாம். இரை சிறியதாக, உரித்த இறாலில் பாதி போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெளுத்த இறாலில் மணம் இருக்காது. ரப்பர் மீன் போடுபவர்கள் 5 கிராம் ஜிக்ஹெட்டை (ஈயத்தலை வைத்த முள்) அடியில் தொடவிட்டு, ஒரு சாண் தூக்கி, ஏழெட்டு நொடி சும்மா விடவேண்டும். அந்தச் சும்மா விடும் நேரத்தில்தான் கடி வரும்.

கடியையும் கவனிக்கப் பழக வேண்டும். கோடையில்போலக் கம்பு வளையாது. நுனி ஒரு விரற்கடை தாழ்ந்து அப்படியே நிற்கும், அல்லது நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே நரம்பு மெல்லத் தொய்யும். தொய்ந்தால் மீன் இரையோடு உங்களை நோக்கி நகர்கிறது என்று அர்த்தம். அந்த நொடியில் சுண்டினால் இரை மட்டும் வரும். மூன்று எண்ணி, தொய்வைச் சுற்றியெடுத்து, கனம் கையில் தெரிந்ததும் கம்பை நிமிர்த்துங்கள்.

திறந்த கடற்கரையில் கணக்கு வேறு. பேரலைகள் மணல்திட்டை இடம் மாற்றியிருக்கும், போன மாதப் பள்ளம் இன்று மேடு. அலை உடையாமல் கறுத்துத் தெரியும் நீளமான பட்டைதான் பள்ளம். புயலலை தணிந்த ஓரிரு நாளில், கலக்கு குறைந்து தண்ணீர் பச்சைக்குத் திரும்பும்போது போங்கள். அலை கிளறிவிட்ட புழுவும் மட்டியும் தேடி மீன் கரையோரம் வந்திருக்கும். இங்கே கம்பிக்கால் வைத்த 100 முதல் 150 கிராம் ஈயம் வேண்டும்.

தண்ணீரில் கால் வைக்குமுன் இருபது நிமிடம் அலையைப் பாருங்கள், பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். மிதவைச் சட்டை கட்டாயம். கடுங்குளிர் நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அப்போது நீந்தப் பார்க்காமல் மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கைகால் சொன்னபடி கேட்பது அடுத்த பத்து நிமிடம்வரைதான், அதற்குள் கரையேறிவிட வேண்டும். சேற்றுத்திட்டில் நிற்பவர்கள் ஏற்றம் தொடங்கும்போதே திரும்பும் வழியிலுள்ள ஓடையைக் கடந்துவிட வேண்டும், அதுதான் முதலில் நிறையும்.