ஃபேன் எடிட்டில் முகங்கள் ஏன் உப்பிப்போகின்றன? ரெசல்யூஷனிலும் ஆஸ்பெக்ட் ரேஷியோவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரசிகர்கள் படக்காட்சிகளை வெட்டிப் பாட்டோடு சேர்த்துச் செய்யும் சில ஃபேன் எடிட்டுகளைப் பார்க்க ஆரம்பித்த மூன்றாவது நொடியிலேயே மனசு ஒட்டாமல் போய்விடும். பாட்டு நன்றாக இருக்கும், வெட்டுகள் தாளத்தில் விழும், ஆனால் நாயகியின் முகம் பக்கவாட்டில் பிடித்து இழுத்தது போல இருக்கும். செய்தவர் எத்தனை ராத்திரி உட்கார்ந்து இதைச் செய்திருப்பார் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்தக் கோளாறு வந்தே இருக்காது.

அந்த ஐந்து நிமிடத்தில் கையில் உள்ள கிளிப்புகளின் அளவை, அதாவது எத்தனை பிக்சல் என்ற ரெசல்யூஷனையும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமான ஆஸ்பெக்ட் ரேஷியோவையும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பலரும் அதை விட்டுவிட்டு நேராக டைம்லைனில் (மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) இழுத்துப் போட ஆரம்பிக்கிறார்கள். சில மென்பொருள்கள் முதலில் போடும் கிளிப்பின் அளவையே டைம்லைனின் அளவாக எடுத்துக்கொள்ளும். அது அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் உள்ள ஒரு பழைய 4:3 கிளிப்பாக இருந்துவிட்டால், பின்னால் வரும் எல்லாமே அந்தச் சட்டகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பாதி வேலைக்கு மேல் அளவை மாற்றினால் பெரிதாக்கியது, நகர்த்தியது, எழுத்து வைத்தது எல்லாம் இடம் மாறிவிடும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகளைத் திரும்பச் சரிசெய்தேன். இப்போதெல்லாம் அளவை முடிவு செய்யாமல் ஒரு கிளிப்பைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை.

சரி, முகம் ஏன் உப்புகிறது? 4:3 படத்தை 16:9 சட்டகம் முழுவதும் நிரம்பும்படி இழுத்தால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நாள்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் கண்ணுக்கு அது பழகிப்போகும், புதிதாகப் பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். முழுநிலா, நேராகத் தெரியும் சுவர்க் கடிகாரம், பக்கவாட்டில் நிற்கும் வண்டியின் சக்கரம், எதுவானாலும் போதும். அந்த இடத்தில் நிறுத்தி, திரையில் ஸ்கேலை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் படம் இழுபட்டிருக்கிறது.

இழுக்காமல் என்ன செய்வது? மொத்த எடிட்டும் 4:3 கிளிப்புகள்தான் என்றால் டைம்லைனையே 1440×1080 என்று வையுங்கள். இருபக்கமும் கருப்பு தெரிந்தால் தெரியட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. நாலைந்து பழைய கிளிப்புகள் மட்டும் நடுவில் வருகின்றன என்றால் க்ராப் செய்யலாம், அதாவது சட்டகத்துக்கு வெளியே நீளும் பகுதியை வெட்டிவிடலாம். ஆனால் உயரத்தில் கால்வாசி போய்விடும் என்பதால், ஒவ்வொரு காட்சியிலும் தலை வெட்டுப்படாதபடி மேலேயோ கீழேயோ நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

டிவிடியிலிருந்து எடுத்த கிளிப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கா, ஜப்பானில் புழங்கிய என்டிஎஸ்சி (NTSC) முறை டிவிடியின் படம் 720×480. வகுத்துப் பார்த்தால் 1.5 வரும். 4:3 என்றால் 1.33 வர வேண்டும், 16:9 என்றால் 1.78 வர வேண்டும். இது இரண்டிலும் சேராது. ஐரோப்பா, இந்தியாவில் புழங்கிய பால் (PAL) முறை டிவிடியின் 720×576-ம் அப்படித்தான். காரணம், டிவிடியின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. படத்தை எந்த விகிதத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்று உள்ளே ஒரு குறிப்பு இருக்கும், பிளேயர் அதைப் படித்து விரிக்கும். கிளிப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்தால், 16:9 படத்தில் எல்லோரும் ஒல்லியாகவும், என்டிஎஸ்சி 4:3 படத்தில் குண்டாகவும், பால் 4:3 படத்தில் சற்றே ஒல்லியாகவும் தெரிவார்கள். சதுர பிக்சலுக்கு மாற்றும்போது என்டிஎஸ்சி என்றால் 640×480 அல்லது 854×480, பால் என்றால் 768×576 அல்லது 1024×576 என்று வையுங்கள். 854 என்பது கணக்குப்படி 853.33 தான். வழக்கமான வீடியோ வடிவங்களில் நிறத் தகவல் இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுவதால் அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணைக் கொடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுப்பது) ஏன் நின்றுபோகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

அப்புறம், அசைவுகளில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் செய்யப்பட்ட வீடியோ, அதாவது படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவானது. முதலில் அந்த வரிகளை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். வரிசை மாறினால் அந்தக் கோடுகள் படத்தோடு கலந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

அடுத்தது கருப்புப் பட்டை. திரைப்படங்கள் பலவும் 2.39:1 விகிதத்தில் இருக்கும். 1920 அகலத்துக்கு அதன் உயரம் சுமார் 803 பிக்சல்தான், மேலும் கீழும் மீதி வெறும் கருப்பு. இதையும் ஒரு 16:9 தொடரின் கிளிப்பையும் மாற்றி மாற்றி வெட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் பட்டை வந்து வந்து போகும். எவ்வளவு நல்ல வெட்டையும் அது கெடுத்துவிடும். டைம்லைனை 1920×804 என்று வைத்து, 16:9 கிளிப்புகளை அதற்குள் க்ராப் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. அகலத்திரைப் படத்தைப் பெரிதாக்கி 1080 உயரத்தை நிரப்பினால் பக்கவாட்டில் கால்வாசி போய்விடும், ஓரத்தில் நிற்கும் ஆள் காணாமல் போவார்.

பட்டையோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். யூடியூப் பிளேயர் வீடியோவின் வடிவத்துக்கு ஏற்ப தானாகவே அமைத்துக்கொள்ளும். நாம் பட்டையை வீடியோவுக்குள்ளேயே வைத்து அனுப்பினால், நீளமான போன் திரையில் நாலாபக்கமும் கருப்பு சூழ்ந்து, படம் நடுவில் தபால்தலை போல நிற்கும். சினிமா தோற்றம் வேண்டும் என்று நல்ல 16:9 படத்தின் மேல் பட்டை ஒட்டுவதும் வேண்டாம். இயக்குநர் தலைக்கு மேல் அளந்து விட்ட இடத்தைத்தான் அது மறைக்கிறது.

ரெசல்யூஷனில் பெரிய எண் போட்டால் தெளிவு வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 640×480 படத்தில் சுமார் 3 லட்சம் பிக்சல்கள். 1920×1080-இல் 20 லட்சத்துக்கும் மேல். மீதியெல்லாம் மென்பொருளின் ஊகம். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கினாலும் ஊகம்தான், பல சமயம் தோல் மெழுகு போலாகிவிடும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: யூடியூப் பெரிய அளவு வீடியோவுக்கு அதிக பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கான தரவின் அளவு) கொடுப்பதால், 480 வரிப் படத்தைக் கவனமாகப் பெரிதாக்கி ஏற்றினால் கட்டம் கட்டமாக உடைவது குறையும். அதை ஒரே ஒரு முறை, கடைசியில் செய்யுங்கள். 480-லிருந்து 720, அதிலிருந்து 1080 என்று படிப்படியாக ஏற்றினால் ஒவ்வொரு படியிலும் படம் மங்கும். கிளிப்புகள் கலந்து இருந்தால் பெரும்பான்மை எதுவோ அதுவே டைம்லைன். முக்கால்வாசி 720 வரிக் கிளிப்புகள் இருக்கும்போது, ஒரேயொரு 4கே கிளிப்புக்காக டைம்லைனை 4கே ஆக்க வேண்டியதில்லை.

செங்குத்து வீடியோவுக்கு 1080×1920. இதில் நடக்கும் தவறு, முடித்த 16:9 எடிட்டை அப்படியே நடுவில் வெட்டி எடுப்பது. 1920 பிக்சல் அகலத்தில் நமக்குக் கிடைப்பது சுமார் 607 தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியை அப்படி வெட்டினால், நடுவில் இருக்கும் வெறும் சுவர் மட்டும் மிஞ்சும். யார் பேசுகிறாரோ அவர் பக்கம் சட்டகத்தை நகர்த்துங்கள், இல்லையென்றால் க்ளோஸ்-அப் காட்சிகளாகப் பார்த்துப் பொறுக்குங்கள். கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் செயலியின் தலைப்பும் பொத்தான்களும் உட்கார்ந்திருக்கும் என்பதால் பாட்டு வரிகளை அங்கே வைக்காதீர்கள்.

முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் செய்யும் முன் 15 நொடி மட்டும் எடுத்து, போனிலும் டிவியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த 15 நொடிக்குள் ஒரு பழைய கிளிப், ஒரு அகலத்திரைக் கிளிப், ஒரு வரி எழுத்து, முடிந்தால் அந்தச் சுவர்க் கடிகாரமும் இருக்கட்டும்.