ஊருணியில் பச்சை ஏடு படர்ந்தால் செய்யக்கூடாதவை

சித்திரை வெயிலில் வற்றி அசைவற்றுக் கிடக்கும் ஊருணியின் படித்துறையோரம், பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் ஏடு படர்ந்திருந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பெயர்தான் பாசி, உண்மையில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. குச்சியை விட்டுத் தூக்கினால் நூல்நூலாகத் தொங்குவது பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்டாக அப்பினால் சந்தேகிக்க வேண்டும். அதிலும் எல்லாம் நஞ்சு சுரப்பதில்லை, ஆனால் எது சுரக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எந்தத் தண்ணீரானாலும் ‘காய்ச்சிவிட்டால் போதும்’ என்பார்கள். காலராவுக்குச் சரியான அந்த யோசனை இங்கே கெடுதலாகவே முடியும். இப்பாசி சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு கொதிநீரிலும் சிதைவதில்லை. மாறாக, உயிரணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சும் வெளியே வர, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குழாய்நீரில் இந்நஞ்சு தெரிந்தபோது, காய்ச்சக் கூடாது என்றே மக்களுக்கு அறிவித்தார்கள்.

தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பதும், வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவதும் கலங்கலுக்கு நல்ல முறைகள்தான். நானும் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரைந்த உப்பைத் துணியால் வடிக்க முடியாததுபோல, கரைந்த நஞ்சையும் வடிக்க முடியாது. பளிங்காகத் தெளிந்த தண்ணீரே இங்கு அதிகம் ஏமாற்றும்.

மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) போட்டுப் பாசியைக் கொன்றுவிட்டு மறுநாளே குடம் தூக்குவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், அணைநீரில் மயில்துத்தம் இட்ட சில நாள்களில் 148 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். செத்த பாசி தன் நஞ்சைத் தண்ணீரில் விட்டுவிட்டதே அதற்குக் காரணம் என்று பின்னர் கருதப்பட்டது.

ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடக்கூடாது.

பாசி தெரிந்தால், ஏடு கலைந்தாலும் நஞ்சு இல்லை என்று சோதனையில் தெரியும்வரை வேறு கிணற்றையோ லாரித் தண்ணீரையோ நம்புவதே சரி. காற்று ஏட்டை ஒரு கரைக்கு ஒதுக்கிவிடும் என்பதால், தெளிந்த எதிர்க்கரையில் மட்டும் மாதிரி எடுக்கக் கூடாது. சோதனைக்கூடத்தில் மைக்ரோசிஸ்டின் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். உப்பும் கடினத்தன்மையும் பார்த்த அறிக்கையில் அது இருக்காது. வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள உச்ச அளவு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.