எக்செலில் ஒரே விவரத்தை 240 தடவை தட்ட வேண்டாம்: ஆட்டோ ஃபில் செய்முறை

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த 240 பிள்ளைகளின் விவரத்தை எக்செலில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், சேர்க்கை எண், பெயர், பிரிவு, ஊர், சேர்ந்த தேதி என்று ஆறு நெடுவரிசை. இதில் பெயரை நாம்தான் தட்டியாக வேண்டும். மற்றவற்றில் பெரும்பகுதியை எக்செலே நிரப்பித் தரும். நாம் கொடுக்கும் முதல் ஒன்றிரண்டு செல்லை (கட்டத்தை) பார்த்து மீதியை அது ஊகிக்கிறது. இதற்குப் பெயர்தான் ஆட்டோ ஃபில். அந்த ஊகம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துவிட்டால் பாதி நாள் வேலை அரை மணியில் முடியும்.

படி 1: வரிசை எண்

பெயர்களை முதலில் தட்டி முடித்துவிடுங்கள். வரிசை எண் நெடுவரிசை பெயருக்கு ஒட்டியே இருக்கட்டும். முதல் செல்லில் 1, அதன் கீழ் 2 என்று தட்டி, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்வின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு சதுரப் புள்ளி தெரியும். அதுதான் ஃபில் ஹேண்டில். மவுஸை அதன் மேல் கொண்டுபோனால் தடித்த வெள்ளைக் கூட்டல் குறி மெல்லிய கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அப்போது பிடித்துக் கீழே இழுத்தால் 3, 4, 5 என்று வந்துகொண்டே இருக்கும்.

240 வரி வரை இழுக்கக்கூட வேண்டாம். அந்தப் புள்ளியில் டபுள் கிளிக் செய்யுங்கள். பக்கத்தில் பெயர் எதுவரை இருக்கிறதோ அதுவரை நிரம்பிவிடும். பெயர்களை முதலில் தட்டச் சொன்னது இதற்குத்தான்.

1 என்று மட்டும் தட்டி இழுத்தால் எக்செலில் எல்லாம் 1 ஆகத்தான் வரும். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு அப்படியே தலைகீழ்: அங்கே ஒற்றை 1-ஐ இழுத்தாலே 2, 3 என்று ஏறும்.

படி 2: எழுத்தும் எண்ணும் கலந்தவை

சேர்க்கை எண் ‘ஏ-001’ மாதிரி இருந்தால் ஒரு செல் போதும். இழுத்தால் ஏ-002, ஏ-003 என்று முன்னால் உள்ள பூஜ்யத்தோடு வரும்.

இதே வசதிதான் என் காலை ஒரு தடவை வாரியது. முகவரிப் பட்டியல் ஒன்றில் ‘மதுரை 625001’ என்று தட்டி, எல்லாருக்கும் அதே ஊர்தானே என்று இழுத்துவிட்டேன். கடைசியில் எண் இருப்பதால் எக்செல் அதையும் வரிசை என்று எடுத்துக்கொண்டு 625002, 625003 என்று நிரப்பிவிட்டது. அவையும் மதுரைப் பின்கோடுகள்தான், அதனால் பார்வைக்குத் தப்பாகவே தெரியவில்லை. உறைகளில் ஒட்டும் நேரத்தில்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து இழுத்து முடித்ததும் கடைசி வரிக்குப் போய் ஒரு பார்வை பார்க்காமல் நான் நகர்வதில்லை.

மாறாமல் அப்படியே வர வேண்டும் என்றால் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். ஏற்கெனவே இழுத்துவிட்டீர்களா? கடைசி செல்லுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி வரும். அதைத் திறந்து ‘காப்பி செல்ஸ்’ கொடுங்கள்.

படி 3: ஒரே சொல் பல செல்லில்

‘அ’ பிரிவில் 40 பேர் இருந்தால் அந்த 40 செல்லையும் தேர்ந்தெடுத்து, ‘அ’ என்று தட்டி, கன்ட்ரோல் + என்டர். நாற்பதும் ஒரே நொடியில் நிரம்பும். இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலும் போதும் என்பேன். நடுவில் விட்டுவிட்டு இருக்கும் செல்களையும் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து இப்படி நிரப்பலாம். முன்பு தட்டிய ஊர்ப்பெயர் மறுபடி வேண்டுமென்றால் ஆல்ட் + கீழ் அம்பு. மேலே வந்த பெயர்கள் பட்டியலாக விரியும்.

படி 4: தேதியும் மாதமும்

ஒரு தேதியை இழுத்தால் நாள் நாளாக ஏறும். மவுஸின் வலது பொத்தானால் இழுத்துப் பாருங்கள், விட்டதும் மெனு ஒன்று வரும். ‘ஃபில் வீக்டேஸ்’ கொடுத்தால் சனி, ஞாயிறை விட்டுவிடும். ‘ஃபில் மந்த்ஸ்’ கொடுத்தால் 31-01-2025க்கு அடுத்து 28-02-2025, அதற்கடுத்து 31-03-2025 என்று மாதக் கடைசியைப் பார்த்துப் போடும். தவணைப் பட்டியல் போடுபவர்களுக்கு இது பெரிய உதவி.

சித்திரை, வைகாசி என்று தமிழ் மாதங்களும் இப்படி வர வேண்டுமா? ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், கீழே ஜெனரல் பகுதியில் ‘எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ்’ திறந்து, பன்னிரண்டு மாதத்தையும் வரிக்கு ஒன்றாகத் தட்டி ‘ஆட்’ கொடுங்கள். அதன்பின் எந்த ஷீட்டிலும் சித்திரை என்று தட்டி இழுத்தால் பங்குனி வரை வந்து மறுபடி சித்திரையில் தொடங்கும்.

படி 5: ஃப்ளாஷ் ஃபில்

நாம் ஒன்றைச் செய்து காட்டினால் அதே மாதிரி மீதியையும் மாற்றித் தரும் இந்த வசதி எக்செல் 2013 முதல் இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் ‘முருகன் எஸ்’ என்று இருக்கிறது, நமக்கு ‘எஸ். முருகன்’ என்று வேண்டும். பக்கத்து செல்லில் முதல் பெயரை வேண்டியபடி தட்டுங்கள், கீழ் செல்லுக்கு வந்து கன்ட்ரோல் + ஈ அழுத்துங்கள். மீதிப் பெயர்கள் வந்துவிடும். இரட்டை இனிஷியல் உள்ள பெயர்களில் ஊகம் தடுமாறும். அப்படி ஒன்றையும் கையால் தட்டிக் காட்டிவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மூலப் பெயரைப் பிறகு திருத்தினால் இது தானாக மாறாது, மறுபடி செய்ய வேண்டும்.

படி 6: நடுவில் உள்ள காலி செல்கள்

பிறர் தரும் ஷீட்டில் பிரிவை முதல் ஆளுக்கு மட்டும் தட்டி, கீழே காலியாக விட்டிருப்பார்கள். அந்த நெடுவரிசையில் விவரம் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்5, பிறகு ‘ஸ்பெஷல்’, அதில் ‘பிளாங்க்ஸ்’, ஓகே. காலி செல்கள் மட்டும் தேர்வாகியிருக்கும். எதையும் கிளிக் செய்யாமல் சமக்குறி போட்டு, மேல் அம்பை ஒரு முறை அழுத்தி, கன்ட்ரோல் + என்டர். ஒவ்வொரு காலி செல்லும் தன் தலைக்கு மேல் உள்ளதை எடுத்துக்கொள்ளும்.

இப்போது அங்கே இருப்பது நாம் தட்டிய எழுத்தல்ல, மேல் செல்லைப் பார்த்து எடுக்கும் ஃபார்முலா. அப்படியே பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் (Sort) பிரிவெல்லாம் இடம் மாறிப்போகும். அதனால் உடனே முழு நெடுவரிசையையும் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ கொடுத்து ஒட்டிவிட்டு, அதன்பிறகு வரிசைப்படுத்துங்கள்.