சுவிட்சில் லைட் எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை: எங்கே தேடுவது?

ரவுட்டரில் கோளாறு என்றால் உள்ளே லாகின் செய்து பார்க்கலாம். ரவுட்டரில் இருந்து வரும் நெட்டைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். அதில் சாதாரண வகையான அன்மேனேஜ்டு சுவிட்சில் அந்த வசதி இல்லை. அதற்கு ஐபி முகவரி கிடையாது, செட்டிங்ஸ் பக்கமும் கிடையாது. முகப்பில் இருக்கும் லைட்டுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் தெரிந்தவரின் லாட்ஜில் இப்படி ஒரு கோளாறைச் சரிசெய்தபோது போன வழியைத்தான் கீழே எழுதுகிறேன். சிஎம்சிக்கு வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்கண்ட் பக்கமிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கே அதிகம். ராத்திரி ஊருக்கு வீடியோ கால் போகாவிட்டால் ரிசப்ஷனில் கூட்டம் கூடிவிடும். கேபிள் கிரிம்ப் செய்வது (முனையில் பிளக் பொருத்துவது), பிங் போடுவது (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரவுட்டர்

ரவுட்டரில் இருந்து நேராக லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போடுங்கள். அங்கேயே நெட் இல்லை என்றால் சுவிட்சை விட்டுவிட்டு நெட் கொடுக்கிறவருக்குப் போன் செய்யுங்கள். வந்தால் மேலே படியுங்கள்.

படி 2: அடாப்டர்

பவர் லைட்டைக் கொஞ்ச நேரம் கண்ணெடுக்காமல் பாருங்கள். பவர் லைட்டோடு சேர்ந்து எல்லாமே அணைந்து மறுபடி எரிந்தால் சுவிட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பெரும்பாலும் அடாப்டர்தான் காரணம். மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சுமை இல்லாமல் அளந்தால் போகப்போகிற அடாப்டரும் சரியாகத்தான் காட்டும். அதே வோல்ட், அதே பின், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். 5, 9, 12 வோல்ட் அடாப்டர்களின் பின் பல நேரம் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் சொருகினால் சுவிட்ச் காலி.

நம்ம ஊர் வெயிலும் ஒரு காரணம். சின்ன சுவிட்சுகள் பலவற்றில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். கத்திரியில் வேலூரில் நிழலிலேயே 40 தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மூடிய மரப்பெட்டிக்குள் என்ன ஆகும்? மத்தியானம் படுத்து ராத்திரி எழுந்துகொள்கிற சுவிட்ச் என்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். நான் பிளாஸ்டிக் பாடி வாங்குவதே இல்லை, மெட்டல் பாடிதான்.

படி 3: லூப்

நேரத்தைத் தின்பது இதுதான். பவர் லைட் நிலையாக எரிகிறது. ஆனால் போர்ட் லைட்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, ஓயாமல், படபடவென்று துடிக்கின்றன. எல்லாரும் தூங்குகிற விடியற்காலையிலும் அப்படியே. கேபிள் எங்கேயோ சுற்றிக்கொண்டு அதே நெட்வொர்க்குக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிராட்காஸ்ட் தகவல், அதாவது எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் தகவல், வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் சுவிட்ச் அதை வெளியே விடும். லூப் வழியாக அது திரும்பி வரும், மறுபடி எல்லாவற்றிலும் போகும். ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு (கேபிளில் போகும் தகவல் துண்டுக்கு) இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற வரம்பு இல்லாததால் தானாக நிற்காது. இதைத் தடுக்கிற ஸ்பேனிங் ட்ரீ என்ற வசதி, செட்டிங்ஸ் உள்ள மேனேஜ்டு சுவிட்சில் இருக்கும், நம்முடையதில் பெரும்பாலும் இருக்காது. வைஃபையும் சேர்ந்து படுத்துவிடுவதால் பலர் ரவுட்டரைத்தான் மாற்றுவார்கள். சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும். சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லா கேபிளையும் கழற்றுங்கள். ரவுட்டர் கேபிள், உங்கள் லேப்டாப் இரண்டை மட்டும் சொருகி, 192.168.1.1க்கோ உங்கள் ரவுட்டரின் முகவரி எதுவோ அதற்கோ பிங் தொடர்ந்து ஓட விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கேபிளாக, பத்து எண்ணி எண்ணி, சொருகுங்கள். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்துச் சொருகினால் மறுபடி முதலில் இருந்துதான். எந்தக் கேபிளில் லைட்டுகள் வெறி பிடித்து பிங் அறுகிறதோ, அதன் மறுமுனைக்குப் போங்கள். அங்கே இன்னொரு சுவிட்ச் இருந்தால் அதிலும் இதே வேலை.

லாட்ஜில் அந்தக் கேபிள் முதல் மாடி அலமாரியில் இருந்த சுவிட்சுக்குப் போனது. எடுத்துப்போன பழைய பில்லிங் கம்ப்யூட்டரின் சாம்பல் நிறக் கேபிள் தரையில் கிடந்திருக்கிறது. கூட்டிப் பெருக்கும்போது இடைஞ்சல் என்று யாரோ அந்த முனையையும் காலி போர்ட்டில் சொருகிவிட்டார்கள். இரண்டு முனையும் ஒரே சுவிட்சில், பக்கத்துப் பக்கத்து போர்ட்டில்! இரண்டு போர்ட் உள்ள ஐபி போனிலும் இது நடக்கும்: கம்ப்யூட்டருக்கான போர்ட்டையும் சுவரில் சொருகிவிடுவார்கள்.

படி 4: கேபிள்

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு என்றால் வேறு போர்ட், வேறு பேட்ச் கார்டு (இணைக்கும் குட்டைக் கேபிள்) போட்டுப் பாருங்கள். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்சில் ஒரு இணைப்பு மட்டும் 100 எம்பிபிஎஸ் காட்டினால், 1, 2, 3, 6 பின்கள் நன்றாக இருந்து நீலம் அல்லது பிரவுன் ஜோடி அறுந்திருக்கலாம். ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். எட்டு லைட் உள்ள சாதாரண கேபிள் டெஸ்டர் இதைக் காட்டிவிடும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைச் செம்பு என்று தலையில் கட்டுவார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

பின்னால் சேர்த்தது

ராணிப்பேட்டையில் இருந்து ஒருவர் கமெண்ட்டில் கேட்டார்: லைட் எல்லாம் சரி, லூப்பும் இல்லை, சில கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் இல்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. அவருக்கு 192.168.0 என்று இருந்தது, மற்றவர்களுக்கு 192.168.1. போர்ட் போதவில்லை என்று பழைய வைஃபை ரவுட்டரை சுவிட்ச் மாதிரி நடுவில் வைத்திருந்தார். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் டிஹெச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கிற வசதியை, அணைத்ததும் சரியானது.

பிஓஇ கேமராவை (நெட் கேபிள் வழியாகவே கரண்ட் வாங்குகிற கேமராவை) இந்த சுவிட்சில் சொருகினால் எரியவில்லை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எரியாது, சாதாரண சுவிட்ச் கேபிளில் கரண்ட் அனுப்பாது. நடுவே கேபிளில் கரண்ட் சேர்க்கிற பிஓஇ இன்ஜெக்டர் வையுங்கள், கேமரா கேட்கிற அதே வகையாகப் பார்த்து.