பேரப்பிள்ளைக்கு மரியாதை பழக்க: ஒரு கண்டக்டர் தாத்தா சொல்லும் வழி

வீட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் எழுந்து கைகூப்ப எந்தப் பிள்ளையும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். அதை நான் மரியாதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தனக்கு ஆக வேண்டியது ஒன்றுமே இல்லாத ஆளிடம் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்றுதான் பார்ப்பேன். மதுரை-தேனி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒருவர் காசை எப்படி நீட்டுகிறார் என்பதிலேயே ஆளைப் பாதி தெரிந்துவிடும்.

அதனால் காசிலிருந்தே தொடங்குங்கள். பால் பாக்கெட் வாங்க அனுப்பும்போது நோட்டைக் கடைமேசையில் வீசாமல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். "அண்ணே, ஒரு பாக்கெட் குடுங்க" என்று முழுசாகக் கேட்க வேண்டும். முன்னால் நிற்பவர் வாங்கி முடிக்கும்வரை நிற்க வேண்டும்.

இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னால் ஏறாது, விளையாட்டாக்குங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியோடு நான் ஆடுவது பஸ் விளையாட்டு. திண்ணைதான் பஸ், பழைய விசில் கையில் இருக்கிறது. "ஆண்டிபட்டி ஒண்ணு குடுங்கண்ணே" என்றால்தான் டிக்கெட் கிழிப்பேன். வெறுமனே "ஆண்டிபட்டி" என்றால் காது கேட்காது. அப்புறம் விசிலை அவளிடம் கொடுத்துவிடுவேன். நான் காது மந்தமான கிழவன். உசிலம்பட்டி வருவதற்கு முன்பே, "ஆண்டிபட்டி வந்துருச்சாம்மா?" என்று நச்சரிக்கத் தொடங்குவேன். முதலில் "வரலை தாத்தா!" என்று கத்தினாள். இப்போது பக்கத்தில் வந்து காதோரம் குனிந்து, "வந்ததும் நானே எழுப்புறேன், தூங்குங்க" என்கிறாள். பொறுமையைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது டம்ளர். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் குப்பை எடுக்க வருபவருக்கும் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் பிள்ளைக்கு மரியாதையைச் சொல்லித்தர முடியாது. முதலில் அந்த டம்ளரைத் தூக்கிப் போடுங்கள். நாம் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். "வா, போ" கிடையாது. அக்கா, மாமா என்று முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும்.

நம் வாயையும் கொஞ்சம் கட்ட வேண்டும். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து "ஓசி டிக்கெட்" என்று கிண்டல் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். சோறு தின்றுகொண்டே நாம் அதைச் சொல்லிச் சிரித்தால், நாளைக்குப் பள்ளியில் இலவச சைக்கிள் வாங்கும் அக்காவைப் பார்த்துப் பிள்ளையும் அதையே சொல்லும்.

தப்பு செய்தால் 'சாரி' என்று ஒப்பிக்க வைக்காதீர்கள். தம்பியின் நோட்டைக் கிழித்தால் உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்கட்டும், அது போதும். நாலு பேர் முன்னால் திட்டுவதும், மாட்டேன் என்று ஒதுங்கும் பிள்ளையை இழுத்து "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று சொல்வதும் வேண்டாம். பிள்ளைக்கும் மானம் உண்டு. அம்மா வேண்டாம் என்றதைத் தாத்தா ஒளித்து வாங்கிக் கொடுக்கிற வேலையும் கூடாது. மருமகளின் சொல்லுக்கு நாமே மதிப்பு வைக்காவிட்டால் பிள்ளை ஏன் வைக்கப் போகிறது?

பேரன் வெளியூரில் இருந்தால் கொஞ்சம் சிரமம்தான். வீடியோ காலில் "சாப்பிட்டியா, எத்தனை மார்க்கு" என்று மட்டும் கேட்டால் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். "இன்னைக்கு யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட? லீவு போட்ட பையனுக்கு யாரு நோட்டு குடுத்தா?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். அவனிடம் ஏதாவது ஒரு உதவியும் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்ப எனக்குச் சொல்லித்தரும் பொறுப்பு என் பேரனுடையது. நடுவில் சலித்துக்கொண்டால் கோபப்பட மாட்டேன், "சரிய்யா, நாளைக்குச் சொல்லு" என்று வைத்துவிடுவேன். மறுநாள் மறக்காமல் நான்தான் கூப்பிட்டுக் கேட்பேன்.