கீழ் வீட்டுக்கு கேக்காம டிரம்ஸ் அடிக்க நான் பண்ணது

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி நாங்க. டிரம்ஸ் கத்துக்க ஆரம்பிச்சப்பவே சாதா ஹெட்ட (அடிக்கிற தோல்) கழட்டிட்டு மெஷ் ஹெட் போட்டாச்சு, வலைத்துணி மாதிரிதான் இருக்கும், அடிச்சா டிவி சத்தத்துலயே அமுங்கிடும். அப்படியும் கீழ் வீட்டு அக்கா வந்து "தம்பி, மேல உலக்கை போடுறீங்களா, தொம் தொம்னு கேக்குது"ன்னுட்டாங்க.

விஷயம் என்னன்னா, காத்துல போற சத்தம் வேற, தரை வழியா இறங்குற அதிர்வு வேற. கிக் பெடல், அதான் பெரிய டிரம்ம காலால அடிக்கிற பெடல், அத மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் நேரா ஸ்லாப்புல இறங்குது. செவுத்துல முட்டை அட்டை ஒட்டுன்னு ஆளாளுக்கு சொல்வாங்க, அது ரூமுக்குள்ள எதிரொலிய லேசா கொறைக்கும், இதுக்கு சல்லிக்காசு பிரயோஜனம் இல்ல.

கைகொடுத்தது டென்னிஸ் பால் மேடைதான், ரெண்டு பலகைக்கு நடுவுல பந்துங்கள வச்சு, அதுக்கு மேல டிரம்ஸ வைக்கிறது. 18 எம்எம் பிளைவுட் ரெண்டு வாங்கி, கார்பென்டர் அண்ணன்கிட்ட சொல்லி ரெண்டுலயும் நேருக்கு நேரா 5 செ.மீ. ஓட்டை போட்டேன், பந்து 6.5 செ.மீ. கிட்ட இருக்கும்ல, அதனால உள்ள விழாம கச்சிதமா உக்காந்துக்கும், மேல் பலகை பந்து மேலயே மிதக்கும். பெடலுக்கும் ஸ்டூலுக்கும் கீழ பந்து நெருக்கமா வைங்க, பலகை ஓரம் செவுத்துல படவே கூடாது, பட்டா அந்த வழியா அதிர்வு போயிடும். தெருவுல கிரிக்கெட் ஆடி நசுங்கின பந்து வேண்டாம், ஒரு பக்கம் சாஞ்சிடும்.

மெஷ்ல ஸ்டிக் ரொம்ப துள்ளும், கை அதுக்கே பழகிடும், அதனால பாரடிடில் (வலது கை, இடது கை மாத்தி மாத்தி அடிக்கிற பயிற்சி) மட்டும் தலகாணி மேல அடிக்கிறேன். அக்கா இப்ப ராத்திரி எட்டு வரைக்கும் ஓகேன்னுட்டாங்க.