காட்டுத்தீ வலயத்தில் வீடு: சரிவைக் கவனியாமல் விடும் பிழைகள்

மெல்பேர்ணில் வீட்டு வரைபடத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளோடு அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மூண்ட தீயில் விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதன் பிறகு விதிகள் இறுகியபோது எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள். டாண்டினொங் மலைப்பக்கம் நம் ஆட்களும் காணி வாங்குவதால் எழுதிவைக்கிறேன். பெர்மிட் இல்லாமல் கட்டாதீர்கள் என்பது போன்ற தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

சரிவை வீட்டடியில் அளப்பது

இந்த ஒரு பிழையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏ.எஸ். 3959 என்ற கட்டுமானத் தரவிதி, ஒவ்வொரு வீட்டுக்கும் பி.ஏ.எல். என்ற காட்டுத்தீத் தாக்குதல் அளவைக் கேட்கிறது. 12.5, 19, 29, 40, அதற்கும் மேலே ஃபிளேம் ஸோன், அதாவது சுவாலையே வந்து தொடக்கூடிய இடம். இந்த எண்கள், வீட்டின் மேல் விழக்கூடிய கதிர்வெப்பத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிலோவாட் என்று சொல்பவை. இடத்துக்குரிய தீ அபாயக் குறியீடு, சுற்றியுள்ள மரஞ்செடிகளின் வகை, அவை இருக்கும் தூரம், அவை நிற்கும் நிலத்தின் சரிவு ஆகிய நான்கையும் வைத்து அளவைக் கணிக்கிறோம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் பிழையாக வாசிக்கிறார்கள். பார்க்க வேண்டியது மரங்களுக்குக் கீழே இருக்கும் நிலத்தின் சரிவை. வீடு வரப்போகும் இடத்தை வெட்டிச் சமப்படுத்தியிருந்தாலும் கணக்கு மாறாது.

அண்மையில் ஒரு தம்பி வரைபடத்தோடு வந்தார். “அண்ணை, எல்லாம் முடிஞ்சுது, பி.ஏ.எல்.லை மட்டும் ஒருக்காப் பாருங்கோ” என்றார். காணியின் விளிம்பில் வீடு. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கு முன்னால் மரத்தளம். முப்பது மீற்றருக்கு அப்பால் யூக்கலிப்டஸ் காடு தொடங்குகிறது. வீட்டடி சமதரை என்பதால் 29 என்று அவரே போட்டிருந்தார். அந்த விலைக்கே பில்டரோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது.

காடு நின்ற நிலமோ வீட்டிலிருந்து கீழே இறங்கும் எட்டு பாகை கீழ்ச்சரிவு. சரிவில் மேல்நோக்கி ஓடும் தீ, சுவாலையால் முன்னாலுள்ள செடிகொடிகளைச் சூடாக்கிக்கொண்டே வரும். பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தீ அபாயக் குறியீடு 100 உள்ள பகுதிக்கான அட்டவணையைப் பாருங்கள். காடு 30 மீற்றர் தூரத்தில் இருந்தால் சமதரையில் 29 வரும். ஐந்து பாகை வரையான கீழ்ச்சரிவில் அதே தூரம் 40 ஆகிவிடும். ஐந்துக்கு மேல் பத்து வரை என்றால் ஃபிளேம் ஸோன். அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பதிலாகச் சோதிக்கப்பட்ட யன்னல் அமைப்போ தீத்தடுப்பு ஷட்டரோ போட வேண்டும். மரத்தளமும் அப்படியே நிற்க முடியாது.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: அந்த வீட்டை ஒன்பது மீற்றர் பின்னால் தள்ளியிருந்தால், அதாவது காட்டிலிருந்து 39 மீற்றரில் வைத்திருந்தால், அவர் நினைத்த 29 உண்மையாகவே கிடைத்திருக்கும். பின்னால் இடம் இருந்தது. காட்சி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது வரைபடம், பொறியியல் கணக்கு, ஒப்பந்தம் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பிலிருந்து போகிறது.

ஆகவே மதிப்பீட்டை முதலில் செய்யுங்கள், வீட்டை அதற்குப் பிறகு வரையுங்கள். முடிந்தால் காணி வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள். செய்மதிப் படத்தை மட்டும் நம்பாமல் பள்ளத்துக்குள் இறங்கி, சரிவுமானியை மரத்தடியில் பிடித்துப் பாருங்கள்.

அரசின் இரண்டு நில வரைபடங்களையும் ஒன்றென்று நினைப்பது

காட்டுத்தீ அபாயப் பகுதி வேறு, காட்டுத்தீ மேலாண்மை மேலடுக்கு, அதாவது கூடுதல் திட்டமிடல் விதிகள் செல்லும் பகுதி, வேறு. முதலாவதில் கட்டட அனுமதிக்குக் குறைந்தது பி.ஏ.எல். 12.5 தேவை. இரண்டாவதில் பொதுவாகத் திட்டமிடல் அனுமதியும் வேண்டும், விண்ணப்பம் தீயணைப்பு அதிகாரசபைக்கும் போகும். ‘விக்பிளான்’ இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் இரண்டும் இலவசமாகத் தெரியும்.

பக்கத்துக் காணியின் மரஞ்செடிகளை வெட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது

வெட்ட முடியாது. வீட்டைச் சுற்றி மரஞ்செடிகளைக் குறைத்து வைக்கும் காப்புவெளி உங்கள் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சுவாலைக்குப் பயந்து தீப்பொறியை மறப்பது

காட்டுத்தீயில் போகும் வீடுகளில் பெரும்பாலானவை பறந்து வந்த தீப்பொறியால் பற்றியவை. தீமுகம் வருவதற்கு முன்பும் அது கடந்து போன பிறகும் மணிக்கணக்காகப் பொறி விழும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில், கதவடியில், செங்கல் சுவரின் வடிதுளைகளில் 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி திறந்து கிடக்கக் கூடாது. காற்றோட்டத் துளைகளுக்கு உலோக வலை போட வேண்டும், அதன் கண்ணும் 2 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஃபைபர்கிளாஸ் கொசுவலை இதற்கு உதவாது. வரைபடத்தில் சரியாக எழுதியிருந்தும் கட்டும்போது மாற்றிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வேலை நடக்கும்போதே ஏறிப் பாருங்கள். கூரைப் பீலிக்குள் சேரும் காய்ந்த இலையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வீட்டிலிருந்து ஆறு மீற்றருக்குள் காரேஜ்

அதுவும் வீட்டுக்குரிய விதிக்குள் வரும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் தீத்தடுப்புச் சுவர் வேண்டும்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி

மேலடுக்குப் பகுதியில் 1000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட காணிக்குத் தீயணைப்புக்கென்றே 10,000 லீற்றர் ஒதுக்க வேண்டும். தாங்கி கொங்கிறீற்றாகவோ உலோகமாகவோ இருக்க வேண்டும். நிலத்துக்கு மேலே வரும் குழாய்களும் உலோகம்தான்.

விதிப்படி கட்டினால் வீடு எரியாது என்று நம்புவது

அப்படி எந்த விதியும் உறுதி சொல்லவில்லை. 2009இல் அந்தத் தீ அபாயக் குறியீடு 100ஐத் தாண்டிப் போனது. அபாயம் உச்சத்தில் இருக்கும் என்று அறிவிக்கும் நாளில், எவ்வளவு செலவழித்துக் கட்டிய வீடாக இருந்தாலும் முன்கூட்டியே வெளியேறுங்கள்.

சாவி வாங்கியதும் தோட்டத்தை மறப்பது

மேலடுக்கு அனுமதியோடு வரும் காப்புவெளி நிபந்தனைகளில், யன்னலிலிருந்து 3 மீற்றருக்குள் 10 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமான செடி இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. குசினி யன்னலோரம் வெயில் படுகிறதென்று கறிவேப்பிலை வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மரப்பட்டைத் துண்டுகளைச் சுவரடியில் பரப்புவதும் வேண்டாம். இந்த நிபந்தனைகள் கட்டி முடித்த பிறகும் தொடர்ந்து செல்லும், வீடு கைமாறினாலும் செல்லும். பழைய வீடு வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரிடம் அனுமதிப் பத்திரத்தையும் அதோடு ஒப்புதலான காட்டுத்தீ மேலாண்மைத் திட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்கி, தோட்டத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.